எந்தப் பக்கம் நின்று பார்ப்பது? - 1962 இல் ஒரு படம் தெளியாமல் போன கதை

அன்பின் ஊர் உறவுகளே, எங்களிடம் படித்த பிள்ளைகளே,

பதிவு கொஞ்சம் நீளம். வேலை எல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற தவணைப் பரீட்சையில் தரம் 11 விஞ்ஞான வினாத்தாளில் ஒரு கேள்வி. தயாரித்தது நாங்கள்தான். ஒரு வரிச்சுருளின் படம். கம்பியில் மின்னோட்டம் போகும் திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கிறது. மின்னோட்டம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறதா, இடஞ்சுழியாகச் சுற்றுகிறதா என்பது கேள்வி. 2 புள்ளிகள்.

ஒரு பிள்ளை எங்களுடைய விடைக்கு நேர் எதிராக எழுதியிருந்தாள். பிழை போட்டோம். அந்த 2 புள்ளிகளால் அவளுக்கு ஏ சித்தி பி ஆனது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுப்பதா, வேறு பிரிவா என்று வீட்டில் பேச்சு நடக்கும் நேரம் அது.

அடுத்த நாள் வினாத்தாளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். “சேர், நான் இந்தப் பக்கத்தால பார்த்து எழுதின. எந்தப் பக்கத்தால பார்க்கணும் என்டு கேள்வியில இல்லையே” என்றாள்.

படத்தைத் திரும்பிப் பார்த்தோம். உண்மை. வரிச்சுருளுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் நின்று பார்த்தால் வலஞ்சுழி. மறு முனையில் நின்று பார்த்தால் இடஞ்சுழி. எந்த முனை என்று நாங்கள் எழுதவில்லை. பிள்ளையின் விடையில் பிழை இல்லை. கேள்வியில்தான் ஓட்டை.

புள்ளியைத் திருத்திக் கொடுத்தோம். ஆனால் மனதில் ஒரு உறுத்தல். அவள் வாய் திறந்து கேட்காமல் போயிருந்தால்? இதே ஓட்டையில் உலகத்தின் பெரிய பெரிய பொறியியலாளர்களே ஒரு நாள் விழுந்தார்கள், அதுவும் நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் எங்கள் வீட்டுக் கூரைக்குப் போவோம்.

1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு ஊருக்குள் ஒவ்வொரு வீடாக டீவி வந்த காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வாப்பா கூரைக்கு மேலே. உம்மா வாசலில். பிள்ளைகள் டீவிக்கு முன்னால். “இப்ப செரியா?” என்று மேலே இருந்து சத்தம். “இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்புங்க!” என்று கீழே இருந்து சத்தம். “ஆ, வந்துட்டு... போய்ட்டு, போய்ட்டு! பழைய இடத்துக்கே கொண்டு வாங்க!”

அந்த நாளில் வாப்பாமார் கூரையில் செய்த வேலையில் இரண்டு காரியம் இருந்தது. ஒன்று, அன்டனாவை அலை வரும் திசைக்குத் திருப்புவது. இதை எல்லாரும் அறிவோம். மற்றதைப் பலர் கவனித்திருக்க மாட்டோம். ஒரே நிலையத்தை எடுக்கும் வீடுகளில் அன்டனாக் கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். எல்லாம் படுத்திருக்கும், அல்லது எல்லாம் நிமிர்ந்திருக்கும். நிலையம் அனுப்பும் அலை எந்த வாட்டத்தில் அதிர்கிறதோ, அந்த வாட்டத்திலேயே கம்பியும் இருக்க வேண்டும். மாறி இருந்தால், திசை நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் படம் மங்கிவிடும். இதற்குப் பாடப்புத்தகத்தில் முனைவாக்கம் என்று பெயர். இன்று டிஷ் பூட்ட வரும் தம்பிமார், டிஷ்ஷைத் திருப்பி முடித்த பிறகு முன்னால் இருக்கும் எல்என்பியையும் கையால் கொஞ்சம் சுழற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆக, அன்டனாவுக்கு இரண்டு பொருத்தம் வேண்டும். பார்க்கும் திசையும் பொருந்த வேண்டும், அலையின் வாட்டமும் பொருந்த வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1962க்கு வருவோம்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சிப் படத்தைத் தூரத்துக்கு அனுப்ப நுண்ணலையைத்தான் நம்பியிருந்தார்கள். நுண்ணலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. அதனால் ஒரு குன்றில் ஒரு கோபுரம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அடுத்த குன்றில் இன்னொரு கோபுரம் என்று நட்டுக்கொண்டு போக வேண்டும். தரையில் இது சரி. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே எந்தக் குன்றில் கோபுரம் நடுவது? கடலுக்கு அடியில் 1956 இல் போட்ட முதலாவது அத்திலாந்திக் தொலைபேசிக் கேபிள் ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 36 அழைப்புகளைத்தான் தாங்கியது. ஒரு தொலைக்காட்சிப் படத்துக்கு அதுபோல் பல மடங்கு வேண்டும்.

கடலில் கோபுரம் நட முடியாது, ஆகாயத்தில் நடுவோம் என்று போனார்கள். அப்படி வந்ததுதான் டெல்ஸ்டார் செய்மதி. அமெரிக்காவின் ஏடி அன்ட் டி கம்பனிக்காக பெல் ஆய்வுகூடம் செய்தது. 1962 ஜூலை 10 இல் ஏவப்பட்டது. கிட்டத்தட்ட 88 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பந்து. நிறை 77 கிலோ. மேலெல்லாம் 3,600 சூரியக் கலங்கள்.

அது இன்றைய டீவி செய்மதிகள் போல ஒரே இடத்தில் நிற்கும் செய்மதி அல்ல. 2 மணித்தியாலம் 37 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒரே நேரத்தில் தெரிவது ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் அளவில்தான். அந்த 20 நிமிடமும் அன்டனா அதை விடாமல் பின்தொடர வேண்டும்.

செய்மதி அனுப்பும் வலு எவ்வளவு? 2 வாற்று அளவில். எங்கள் வீட்டுச் சின்ன இரவு விளக்கின் அளவு. அது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் இருந்து எல்லாப் பக்கமும் பரவி வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பெரியதொரு அன்டனாவுக்குள்ளும் வந்து சேர்வது ஒரு வாற்றை இலட்சம் கோடி பங்காக உடைத்தால் அதில் ஓரிரு பங்குதான்.

அந்தத் துளியைப் பிடிக்க மூன்று நிலையங்கள் தயாராகின. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் அன்டோவர். பிரான்சில் பிரிட்டனிக் கரையோரத்தில் ப்ளெமெர் பொடூ. இங்கிலாந்தில் கோர்ன்வோலில் கூன்ஹில்லி.

அமெரிக்கர்கள் கட்டியது ஒரு இராட்சதக் கொம்பு வடிவ அன்டனா. மழையும் காற்றும் படாமல் அதைப் பெரிய பலூன் போன்ற ஒரு கூடாரத்துக்குள் வைத்தார்கள். பிரான்ஸ் நாட்டவர் அதே வரைபடத்தை வாங்கி அதே மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். 340 தொன் எடையுள்ள கொம்பு, 64 மீற்றர் விட்டமுள்ள கூடாரம்.

பிரித்தானியாவில் அப்போது தொலைபேசிக்கும் பொறுப்பாக இருந்தது தபால் திணைக்களம். அதன் பொறியியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். கொம்பும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 26 மீற்றர் அகலமுள்ள ஒரு பரவளைவுக் கிண்ணத்தை, அதாவது நாம் இன்று டிஷ் என்று சொல்வதை, கடற்காற்று அடிக்கும் வெளியில் திறந்தபடி நிறுத்தினார்கள். முழு அமைப்பும் 1,100 தொன்னுக்கு மேல். அதற்குச் செல்லப் பெயர் ஆர்தர், பழைய கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் பெயர். செய்மதித் தொடர்புக்காக இப்படித் திறந்த டிஷ் ஒன்றை உலகில் முதலில் நிறுத்தியவர்கள் அவர்கள்தான்.

இந்த 1,100 தொன் இரும்பை எவ்வளவு நுணுக்கமாகத் திருப்ப வேண்டும் தெரியுமா? அந்த அளவு டிஷ் அந்த மீடிறனில் பார்க்கும் பார்வையின் அகலம் ஒரு பாகையில் ஐந்தில் ஒன்றுதான். வானத்தில் முழு நிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது நிலவில் பாதியைக்கூட முழுதாகப் பார்க்காத ஒரு சின்னக் கண். அந்தக் கண்ணுக்குள் ஓடும் செய்மதியை 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். செய்மதியின் பாதையை முன்கூட்டியே கணக்கிட்டு, துளையிட்ட நாடாவில் பதிந்து, அதன்படி டிஷ்ஷை மோட்டார்களால் நகர்த்தினார்கள்.

ஜூலை 10 நள்ளிரவு தாண்டி, 11 ஆம் திகதி அதிகாலை. பிபிசி கூன்ஹில்லியில் இருந்து நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. மக்கள் தூக்கம் முழித்து டீவிக்கு முன்னால் இருந்தார்கள். செய்மதி அடிவானத்துக்கு மேலே வந்தது. டிஷ் அதைப் பிடித்துப் பின்தொடர்ந்தது.

திரையில் வந்தது இரைச்சல். பூச்சி பறப்பது போல் வெள்ளைப் புள்ளிகள். இடையில் ஒரு மனித முகம் மாதிரி ஏதோ தெரிந்தது, பிறகு கரைந்தது. அவ்வளவுதான்.

அதே நேரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில், கொம்பு அன்டனாவில் படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது.

அந்தப் பொறியியலாளர்களின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்கரின் வரைபடத்தை வாங்காமல், எங்களுடைய முறை நல்லது என்று சொல்லி, மக்களின் பணத்தில் கட்டியிருக்கிறார்கள். முதல் நாளே, நாடே பார்க்கும்போது, பக்கத்து நாட்டுக்குத் தெளிவு, தங்களுக்கு இரைச்சல். கொம்புதான் சரி, டிஷ் சரிவராது என்று யாரும் முடிவு கட்டியிருந்தால் ஆச்சரியப்பட முடியாது.

ஆனால் டிஷ்ஷில் பிழை இல்லை. அது பார்த்த திசையிலும் பிழை இல்லை. செய்மதி நேராக அதன் கண்ணுக்குள்தான் இருந்தது.

பிழை எங்கே? எங்களுடைய வரிச்சுருள் கேள்வியில் இருந்த அதே இடத்தில்.

டெல்ஸ்டாரின் அலை படுத்தும் அதிரவில்லை, நிமிர்ந்தும் அதிரவில்லை. வானத்தில் ஓடும் செய்மதியின் சாய்வு தரையில் இருந்து பார்க்க மாறிக்கொண்டே இருக்கும். படுத்த அலையோ நிமிர்ந்த அலையோ அனுப்பினால் கீழே உள்ளவர்கள் அதற்கேற்பக் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தவிர்க்க, வரும் வழியிலேயே திருகாணி போலச் சுழன்று வரும் அலையைப் பாவித்தார்கள். இதற்கு வட்ட முனைவாக்கம் என்று பெயர். சுழற்சி இரண்டு வகை: வலக்கைச் சுழற்சி, இடக்கைச் சுழற்சி. அனுப்புபவர் ஒரு கைக்கு அனுப்ப, வாங்குபவர் மறு கைக்குப் பூட்டியிருந்தால், கணக்குப்படி ஒன்றுமே உள்ளே வராது. நடைமுறையில் எந்த அன்டனாவும் நூற்றுக்கு நூறு சுத்தம் இல்லை என்பதால் ஒரு துளி கசிந்து வரும். அன்று திரையில் கரைந்து போன அந்த முகம் அந்தக் கசிவுதான்.

சரி, வலக்கை என்றால் எது? இங்கேதான் விசயம் இருக்கிறது.

வீட்டுக்குள் ஓடும் சீலிங் ஃபேனைப் பாருங்கள். கீழே பாயில் படுத்திருப்பவருக்கு அது இடஞ்சுழியாகத் தெரிந்தால், கூரையில் ஓடு மாற்றும் ஆள் ஓட்டைக்குள்ளால் பார்க்கும்போது அவருக்கு அது வலஞ்சுழி. ஃபேன் ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான். பார்ப்பவர்தான் இரண்டு பேர்.

அலைக்கும் அதே கதை. வானொலிப் பொறியியலாளர்களின் வழக்கம், அனுப்பும் இடத்தில் நின்று, அலை போகும் பக்கம் பார்த்துச் சுழற்சிக்குப் பெயர் சொல்வது. ஒளியியலின் பழைய வழக்கம், வாங்கும் இடத்தில் நின்று, வரும் அலையை எதிர்கொண்டு பார்த்துப் பெயர் சொல்வது. ஒருவருக்கு வலக்கை, மற்றவருக்கு இடக்கை. இரண்டு வழக்கமும் புத்தகங்களில் இருந்தன. இரண்டும் தத்தம் இடத்தில் சரி. ஆனால் எந்தப் பக்கம் நின்று சொன்ன வலக்கை என்பதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் கூன்ஹில்லியில் அலையை உள்வாங்கும் பகுதியில் ஒரு சின்ன உறுப்பு எதிர்ப்பக்கமாகப் பூட்டப்பட்டுவிட்டது.

1,100 தொன் இரும்பில் ஒரு சின்ன உறுப்பு. அதைத் திருப்பிப் பூட்டினார்கள்.

அடுத்த இரவே கூன்ஹில்லியில் படம் தெளிந்தது. பிரான்சும் பிரித்தானியாவும் அமெரிக்காவுக்குத் தங்கள் படங்களை அனுப்பவும் செய்தன. இரண்டு கிழமைக்குள், ஜூலை 23 இல், அத்திலாந்திக்கின் இரு கரைக்கும் இடையே முதலாவது பெரிய நேரடி நிகழ்ச்சிப் பரிமாற்றம் நடந்தது. ஜனாதிபதி கென்னடியின் பத்திரிகையாளர் சந்திப்பின் ஒரு பகுதியை ஐரோப்பா அந்த நேரத்திலேயே பார்த்தது.

டெல்ஸ்டாருக்கு ஆயுள் கெட்டி இல்லை. அது ஏவப்படுவதற்கு முந்தின நாள், ஜூலை 9 இல், அமெரிக்கா பசுபிக் சமுத்திரத்துக்கு மேலே உயரத்தில் ஒரு அணுகுண்டைப் பரீட்சித்தது. அதனால் வானத்தில் கூடிய கதிர்ப்பு செய்மதியின் உள் உறுப்புகளைக் கெடுத்தது. நவம்பரில் ஒரு முறை நின்றது. ஜனவரியில் திரும்ப எழுப்பினார்கள். 1963 பெப்ரவரி 21 இல் முற்றாக அடங்கிவிட்டது. ஒரு கையால் பாலம் கட்டி, மறு கையால் அதன் அத்திவாரத்தில் குண்டு வைத்த கதை.

ஆனால் கூன்ஹில்லியின் டிஷ் அடங்கவில்லை. முதல் இரவு நாட்டுக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற அந்த முறைதான் பிறகு உலகம் முழுவதும் பரவியது. கூடாரம் மூடிய பெரிய கொம்பில் ஒரு குறை இருந்தது. மழையில் கூடாரம் நனைந்தால், அந்த ஈரமே அலையைக் குறைத்து இரைச்சலைக் கூட்டும். திறந்த டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்று உலகத்துச் செய்மதி நிலையங்களையும், எங்கள் ஊர்க் கூரைகளையும் பாருங்கள். நிற்பது கொம்பா, டிஷ்ஷா? ஆர்தர் இன்றும் கோர்ன்வோலில் பாதுகாக்கப்பட்ட ஒரு வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது.

இந்தக் கதைக்கு எங்கள் நாட்டோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஓடித் திரியாமல், பூமியோடு சேர்ந்தே சுழன்று, பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945 இலேயே ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 1975 இல், இலங்கையில் ஒரு தொலைக்காட்சி நிலையம்கூட இல்லாத காலத்தில், இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டிலேயே ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். இந்தியக் கிராமங்களுக்கென ஏடிஎஸ் 6 என்ற செய்மதி வழியாக ஒளிபரப்பான கல்வி நிகழ்ச்சிகளை அவர் இங்கிருந்து பார்த்தார். எங்கள் வாப்பாமார் கூரையில் ஏறுவதற்கு ஏழு வருடத்துக்கு முந்திய கதை அது.

இனி எங்கள் பாடத்துக்கு வருவோம்.

பிள்ளைகளே, வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறீர்கள். 2 புள்ளிக்காகப் பாடமாக்கும் வேலை என்று நினைக்கிறீர்கள். கூன்ஹில்லியில் குறைந்தது அறிவு அல்ல, பணம் அல்ல, உழைப்பும் அல்ல. ஒரு சொல்லுக்கு ஒரே வரைவிலக்கணம் இல்லாமல் போனதுதான் குறை. வலஞ்சுழி என்று எழுதினால், எங்கே நின்று பார்த்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கேள்வியில் அது இல்லாவிட்டால் கையை உயர்த்திக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பெற்றோர்களே, முதல் முறை இரைச்சல் வந்தது என்பதற்காக ஒரு பிள்ளையை இது சரிவராது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1,100 தொன்னும் சரியாக இருந்து ஒரு சின்ன உறுப்பு மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கலாம். அது எது என்று தேடுவதுதான் உங்களுடைய வேலையும் எங்களுடைய வேலையும்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டு “அடுத்த வெள்ளி கூட்டம்” என்று அறிவித்தால், பாதிப் பேர் மூன்றே நாளில் வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். மற்றப் பாதி பத்து நாள் கழித்து வருகிறார்கள். பிறகு “எங்களை வேணுமென்டே கூப்பிடல்ல” என்று மாதக் கணக்கில் மனக்கசப்பு. எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்? இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஒரே ஃபேனை ஒருவர் பாயில் இருந்தும் ஒருவர் கூரையில் இருந்தும் பார்த்திருக்கிறார்கள். மற்றவர் பிழை என்று சொல்வதற்கு முன், “நீங்க எந்தப் பக்கத்தால பார்த்து சொல்றீங்க?” என்று ஒரு தரம் கேட்டால் பாதிச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எங்களுக்கும் பாடம் இருக்கிறது. அடுத்த தவணை வினாத்தாளில் அதே வரிச்சுருள் படம் வரும். ஆனால் ஒரு முனையில் ‘எ’ என்று எழுதியிருப்போம், கேள்வியில் “எ முனையில் இருந்து பார்க்கும்போது” என்று சேர்த்திருப்போம். அதை எங்களுக்குக் கற்பித்தது அந்தப் பிள்ளை. அவள் விஞ்ஞானப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். துஆச் செய்யுங்கள்.

கூரையில் அன்டனா திருப்பிய உங்கள் வீட்டுக் கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.